தம்பி அறையை விட்டு வெளியே வருவதில்லை: ஒரு அக்காவின் கேள்விக்குப் பதில்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பி காரைக்குடியில் எம்.எஸ்ஸி இரண்டாம் வருடம் படிக்கிறான், ஹாஸ்டலில் இருக்கிறான். ஊர் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், அம்மா மட்டும் வீட்டில், உங்களைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாகத் தம்பி வகுப்புக்குச் சரியாகப் போவதில்லை. விடியற்காலை வரை விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறான். சாயங்காலமானால் வாலிபால் ஆடப் போகிறவன் அதையும் விட்டுவிட்டான். போன் எடுப்பதில்லை, எடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கேன், வைக்கிறேன்" என்கிறான். பொங்கலுக்கு வந்தபோது இளைத்திருந்தான். அப்பா இதைச் சோம்பேறித்தனம் என்கிறார், செல்போன்தான் காரணம் என்கிறார். அம்மா காத்து கருப்பு என்று பயந்து கோடாங்கியிடம் கூட்டிப் போகப் பார்க்கிறார். வார்டனைக் கேட்டால் புகார் எதுவும் இல்லை என்கிறார். இது சோம்பலா, மனநோயா, டாக்டரிடம் காட்டினால் நாளைக்கு வேலைக்கு இடைஞ்சல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது இரண்டு கேள்வி. ஆனால் நீங்கள் எழுதிய விதத்தில் மூன்றாவதாக ஒன்று தெரிகிறது. நான் இதைப் பெரிதாக்கினால் தம்பியை அசிங்கப்படுத்தியதாகிவிடுமோ, கண்டுகொள்ளாமல் விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற தவிப்பு அது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஊரைக் கூட்ட வேண்டாம். ஆனால் இந்த வாரமே நேரில் போய்ப் பாருங்கள். வீடியோ கால் போதாது.

நான் மனநல சமூகப் பணியாளர். சிவகங்கை மாவட்டத்தில் அரசின் மனநலத் திட்டத்திலும், அப்புறம் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளிலும் பல வருடம் வேலை பார்த்தவன். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு இன்ன நோய் என்று சொல்ல என்னால் ஆகாது. அப்படிச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். ஆனால் எது கவனிக்க வேண்டிய அடையாளம், எது இல்லை என்று சொல்ல முடியும்.

சோம்பேறிக்குப் பிடிக்காத வேலைதான் முடியாது. ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னால் படுத்துக்கொள்வான், சனிக்கிழமை படத்துக்குக் கூப்பிட்டால் முதல் ஆளாகச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பான். உங்கள் தம்பி தனக்குப் பிடித்ததையும் சேர்த்தே விட்டிருக்கிறான். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது வகுப்புக்குப் போகாதது அல்ல, வாலிபாலை விட்டதுதான். மனச்சோர்வு என்று மருத்துவம் சொல்வதற்கு, மனசு வாடிக் கிடப்பதோ பிடித்தவற்றில் நாட்டம் போய்விடுவதோ குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும். கூடவே தூக்கம் கெடுதல், பசி மாறுதல், காரணமில்லாத அசதி, படித்தது மண்டையில் ஏறாமை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு என்று சில சேர வேண்டும். உங்கள் பட்டியலில் இரண்டு மாதம், தூக்கம், எடை, நாட்டம் எல்லாம் இருக்கின்றன. அதை மட்டும் வைத்து இது மனச்சோர்வு என்று முடிவு கட்டவில்லை. மனச்சோர்வாக இருக்கலாம் என்று எண்ணி உடனே காட்ட வேண்டிய அளவுக்கு இருக்கிறது என்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் "மனசு சரியில்லை" என்று வாயால் சொல்வது அபூர்வம். தலைவலி, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது, வயிறு சரியில்லை என்று உடம்பு வழியாகத்தான் வரும். பையன்களுக்கு எரிச்சலாக வரும். ஒரு வார்த்தை கேட்டால் பாய்வார்கள், அம்மாவும் "வாய் நீண்டு போச்சு" என்று நினைத்துக்கொள்வார். சிலர் நண்பர்களோடு இருக்கும்போது சிரித்துப் பேசிவிட்டு அறைக்கு வந்ததும் சுருண்டுவிடுவார்கள். ஆகவே "நேத்துக்கூட சிரிச்சானே" என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

வயதும் ஒரு காரணம். மனநோய் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள் அது தொடங்கிவிடுகிறது என்று 2005இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் இளவயதில்தான் தொடக்கம் என்பதில் சந்தேகமில்லை. அதாவது கல்லூரி வயதும் நோய் தலைகாட்டும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. நம் நாட்டில் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர், சில நோய்களில் 90 சதவீதத்தை நெருங்கி, சிகிச்சைக்கே வந்திருக்கவில்லை. அவர்களில் பலருக்கு வீட்டில் சோம்பேறி என்றும் திமிர் பிடித்தவன் என்றும் பெயர் கிடைத்திருக்கும்.

சரி, நேரில் போனதும் என்ன செய்வது? எடுத்த எடுப்பில் படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். காரைக்குடிக்கு வேறு வேலையாக வந்ததாகச் சொல்லி வெளியே கூட்டிப் போய் ஏதாவது சாப்பிட வையுங்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து விசாரிப்பதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டோ பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டோ பேசினால் பையன்களுக்கு வாய் திறக்கும். "என்னடா ஆச்சு உனக்கு" என்பதைவிட "நீ வாலிபால் ஆடப் போறதில்லையாமே, பொங்கலுக்கு வந்தப்பவே இளைச்சிருந்த, எனக்கு அதான் மனசு கேக்கல" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த நிமிடம் அமைதியாக இருக்கும். அதை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

அப்புறம் ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பலரும் பயப்படுகிற கேள்வி. "இந்த மாதிரி நேரத்துல சில பேருக்கு செத்துப் போயிரலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதாடா?" இப்படி நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று நினைக்கிறோம். இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. பெரும்பாலும் ஒருவர் கேட்டுவிட்டார் என்பதிலேயே பாதிப் பாரம் இறங்குகிறது. "லூசு மாதிரி எதுவும் பண்ணிடாத, சரியா?" என்று கேட்பது கேள்வியே இல்லை. அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அவனும் அதைத்தான் சொல்வான்.

"ஆமா" என்று சொன்னால் அலறாதீர்கள், அழாதீர்கள். குறிப்பாக, "அம்மா மேல சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டாதீர்கள். நம் வீடுகளில் இதுதான் முதலில் நடக்கும். சத்தியம் வாங்கினால் நமக்கு நிம்மதி, அவனுக்கு இனி அதைப் பற்றிப் பேசவே வழியில்லாமல் போகும். எப்போதாவது வந்து போகிற நினைப்பா, எப்படி எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருக்கிறான் என்றால் அன்றைக்குத் தனியாக விடவே கூடாது. அதே நாளில் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு, தேவைப்பட்டால் 108. ஊருக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால் வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் முதலில் வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். அந்தக் கொந்தளிப்பு பலருக்கும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பதே உயிரைக் காப்பாற்றுகிறது என்பது உலகம் முழுக்கப் பார்த்த உண்மை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைக்கவும் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

இனி நம் பக்கத்துக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அழகப்பச் செட்டியார் 1947இல் கலைக்கல்லூரி தொடங்கினார், 1952இல் பொறியியல் கல்லூரி, 1953இல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பிற்பாடு 1985இல் பல்கலைக்கழகம் என்று காரைக்குடி படிப்பூராகவே ஆகிவிட்டது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. கல்லல், திருவாடானை, அறந்தாங்கிப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டுக்கு முதல் பட்டதாரி. அப்பா சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று எங்கோ வேர்வை சிந்துகிறார், அம்மா நகையை அடகு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா கேட்கிற முதல் கேள்வி "ரிசல்ட் வந்துருச்சா". அவர் கேட்பதில் குற்றமில்லை. அந்த மூன்று நிமிடத்தில் மகனிடம் கேட்க வேறு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேப்பரில் கப்பு, அதாவது அரியர், வைத்திருக்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே நான் பார்த்த மாணவர்களில் பலரிடம், மனச்சோர்வுக்கு அடியில் வீட்டில் சொல்லாத ஒரு அரியர் இருந்தது. அரியர் ஆபத்தான பொருள் அல்ல. எழுதினால் போய்விடும். மறைத்து வைப்பதுதான் ஆளைத் தின்கிறது. ஒரு மாணவியைச் சொல்கிறேன், யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தமிழ் வழியில் படித்து, பி.எஸ்ஸியில் வகுப்பில் முதலாக வந்தவள். எம்.எஸ்ஸியில் எல்லாம் இங்கிலீஷ். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது. வீட்டில் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்து அரியர் ஃபீஸ் கட்ட வேண்டும், வீட்டில் கேட்க முடியாது. வீட்டிலிருந்து சாப்பாட்டுக்கு வருகிற காசில் மிச்சம் பிடித்தாள், அதாவது ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். தலைசுற்றி விழுந்து, ரத்தசோகை என்று சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். பேச்சுக்கு நடுவில் செல்போன் உறையைக் கழற்றினாள். உள்ளே எட்டாக மடித்த அரியர் ஹால் டிக்கெட். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று அங்கே வைத்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு என் அறையிலிருந்தே போன் போட்டோம். அவள் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கடைசியில் அவர் கேட்டது, "ஃபீஸ் எவ்வளவு தாயி?"

எல்லா அப்பாவும் அப்படிக் கேட்பார் என்று சொல்ல மாட்டேன். கத்துகிறவரும் உண்டு. ஆனால் பிள்ளைகள் மனசுக்குள் நடத்திப் பார்க்கிற அப்பாவைவிட நிஜ அப்பா பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கிறார். அதனால் உங்கள் தம்பியிடம் எத்தனை அரியர் என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை இருந்தாலும் அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் தனியாகப் பேசி, ஒரு மாதத்துக்கு ரிசல்ட், வேலை, செலவு மூன்றையும் வாயில் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இல்லாமல் இது நடக்காது.

வசதியான வீடுகளிலும் சங்கதி வேறு மாதிரிதானே தவிர வலி ஒன்றுதான். முகப்பும் வளவுமாக நீண்டு கிடக்கிற வீட்டில் அப்பத்தாவும் ஒரு வேலையாளும் மட்டும் இருப்பார்கள், பையன் பெங்களூரிலோ சென்னையிலோ உடைந்துபோய்த் திரும்பி வந்து இரண்டாங்கட்டு அறையில் அடைந்து கிடப்பான். வெளியே தெரிந்தால் கல்யாணம் தடைப்படும் என்று காரைக்குடிக்காரர்கள் மதுரைக்கும், மதுரைக்காரர்கள் திருச்சிக்கும் டாக்டரைத் தேடிப் போவார்கள். போகட்டும், போனாலே போதும். தாமதமாகப் போவதுதான் சிக்கல்.

தம்பிக்கு வேறு ஏதாவது இருக்கலாமா? இருக்கலாம். அதனால்தான் டாக்டர் வேண்டும் என்கிறேன். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவை மூன்றும் அசதியையும் மந்தத்தையும் கொண்டுவரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குடி, கஞ்சா உண்டா என்று பார்க்க வேண்டும். லோன் ஆப்பில் கடன் வாங்கிவிட்டு மிரட்டல் போனுக்குப் பயந்து போனையே எடுக்காமல் இருக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன், உங்கள் தம்பி போன் எடுக்காததைப் படித்ததும் அதுவும் ஞாபகம் வந்தது. காதல், அதிலும் சாதி மாறிய காதல் என்றால் வீட்டில் சொல்ல மாட்டான். ராகிங் என்றால் 1997ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமே இருக்கிறது, 1800-180-5522 என்ற தேசிய எண்ணும் இருக்கிறது. யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், தன்னைக் கண்காணிக்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று சொன்னாலோ, தூக்கமே இல்லாமல் திடீரென்று உற்சாகம் கரைபுரண்டு காசை வாரி இறைத்தாலோ கவுன்சிலரிடம் நேரம் கடத்தாமல் நேரே மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்த வகை நோய்களில் எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நன்றாகத் தேறுகிறார்கள்.

செல்போன்தான் காரணம் என்று அப்பா சொல்வதையும் தள்ளிவிட முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. ராத்திரி போன் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் மனசைக் கெடுக்கிறது, இது உறுதி. போன்தான் மனச்சோர்வை உண்டாக்குகிறதா, இல்லை தூக்கம் வராதவன் போனை எடுக்கிறானா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. போனைப் பிடுங்கி வைத்தால் நண்பர்களோடு மிச்சமிருக்கிற ஒரே தொடர்பும் அறுந்துபோகும். செய்யாதீர்கள்.

எங்கே போவது? கைக்கெட்டிய முதல் இடம் 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய, தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவை. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தம்பி பேசாவிட்டாலும் நீங்கள் பேசி யோசனை கேட்கலாம். அடுத்தது மாவட்ட மனநலத் திட்டம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காரைக்குடி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை என்பதை ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்தும் இலவசம். கல்லூரியில் கவுன்சிலர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஒரு ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் ஏதோ ஒரு பாடத்தின் ஆசிரியருக்கே இந்தப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அவர் நல்லவராக இருப்பார், ஆனால் இன்டர்னல் மார்க் போடுகிற கையிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்?

முதல் தடவை டாக்டரிடம் போனால் பெரும்பாலும் பேச்சுதான். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். அதில் மொத்த மதிப்பெண் 27, பத்தும் அதற்கு மேலும் வந்தால் நன்றாக விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம், அந்த எண்ணே நோயைச் சொல்லிவிடாது. இணையத்தில் அதை நிரப்பிவிட்டுப் பதறுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். லேசான மனச்சோர்வு என்றால் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். காலையில் ஒரே நேரத்தில் எழுவது, குளிப்பது, மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிடுவது, சாயங்காலம் கால்மணி நேரம் நடப்பது என்று சின்னச் சின்னதாக நாளைத் திரும்பக் கட்டச் சொல்வோம். மனசு வந்தால் செய்வேன் என்று காத்திராமல், செய்யச் செய்ய மனசு வரும் என்கிற வழி அது. பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் நன்கு சோதிக்கப்பட்ட முறை. உடற்பயிற்சிக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. யோகாவும் உதவலாம், ஆனால் மிதமான, கடுமையான மனச்சோர்வுக்கு அதுவே போதும் என்று சொல்ல மாட்டேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் மூன்று விஷயம் தெரிந்திருக்கட்டும். இப்போது வழக்கமாகக் கொடுக்கிற மனச்சோர்வு மாத்திரைகள் போதைப்பழக்கம் ஆகிற மாத்திரைகள் அல்ல. பலன் தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம்வரை ஆகும், அதற்குள் வாந்தி வருகிற மாதிரி, வயிறு கலக்குகிற மாதிரி இருக்கும், "இது ஒத்துக்கல" என்று இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் விடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கூட இருந்து பார்க்க வேண்டும், கூடினால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது.

அம்மாவின் கோடாங்கி விஷயத்துக்கு வருவோம். அம்மாவோடு சண்டை போடாதீர்கள். குன்றக்குடிக்குப் போய்த் திருநீறு வாங்கி வரட்டும், கொப்புடையம்மனுக்கு வேண்டிக்கொள்ளட்டும், கயிறு கட்டட்டும். தம்பிக்குப் பக்கத்தில் ஒருவர் அக்கறையோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதும் நல்லதுதான். நான் வைக்கிற நிபந்தனை இவ்வளவே: அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, கட்டி வைக்கக் கூடாது, மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் வெளியே ஓட முடியாமல் இறந்தார்கள். நமக்கு அடுத்த ராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்தது இது. அதன் பின்னால் அதே ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. சாமியும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி என்று வீட்டில் பேசாமல் இருந்தால் அம்மாவே டாக்டரிடம் கூட வருவார்.

வேலைக்கு இடைஞ்சல் வருமா என்பதற்கு: மனநல மருத்துவரைப் பார்த்தது மதிப்பெண் பட்டியலிலோ மாற்றுச் சான்றிதழிலோ ஏறாது. டாக்டர் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் அனுப்ப மாட்டார். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது 2017 சட்டப்படி நோயாளியின் உரிமை, உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அந்த உரிமை உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். தம்பி மேஜர், அவன் சம்மதமில்லாமல் டாக்டர் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார், கோபப்படாதீர்கள். ராணுவம், போலீஸ், விமானம் ஓட்டுவது போன்ற வேலைகளில் மருத்துவத் தகுதித் தேர்வு கடுமையாக இருக்கும். அவனுக்கு அந்த ஆசை இருந்தால் டாக்டரிடமே நேராகக் கேட்டுவிடலாம். மற்ற வேலைகளைப் பொறுத்தவரை, சிகிச்சை எடுத்ததால் போன வேலையைவிட, எடுக்காமல் பட்டத்தையே முடிக்காமல் போன பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வார்டன் புகார் இல்லை என்றாரல்லவா? விடுதியில் சத்தம் போடுகிறவன்தான் வார்டன் கண்ணில் படுவான், சத்தமில்லாமல் கிடப்பவன் நல்ல பிள்ளை. நீங்கள் கேட்க வேண்டியவர்கள் அறைத் தோழனும் மெஸ் அண்ணனும். யார் எத்தனை நாளாகச் சாப்பிட வரவில்லை என்று மெஸ் அண்ணனுக்குத் தெரியும். ரூம்மேட்டிடம் வேவு பார்க்கச் சொல்லாதீர்கள், "அவனைத் தனியா விடாம சாப்பிடக் கூட்டிட்டுப் போப்பா, ராத்திரியில ஏதாவதுன்னா எனக்குப் போன் போடு" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இருபது வயதுப் பையன் தலையில் அதற்கு மேல் ஏற்றக் கூடாது.

துறையில் ஹெச்.ஓ.டி.யைவிட வகுப்பு டியூட்டரைப் பாருங்கள். விவரம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை, உடம்புக்கு முடியவில்லை, சிகிச்சை நடக்கிறது என்றால் போதும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மருத்துவச் சான்றிதழோடு கண்டொனேஷனுக்கு, அதாவது அந்தக் குறைவை மன்னித்துத் தேர்வெழுத விடுவதற்கு, இடம் உண்டா, ஒரு செமஸ்டர் இடைவெளி எடுத்துவிட்டுத் திரும்பச் சேர முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் விதி கொஞ்சம் மாறும். படிப்பை நிறுத்துவதா என்ற முடிவை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம். சோர்வில் இருக்கிறவனுக்கு எல்லாக் கதவும் மூடியதாகவே தெரியும், தேறின பிறகு அவனே சொல்லட்டும். (கல்லூரி நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. ஆடிட்டோரியத்தில் எல்லாரையும் உட்காரவைத்து நடத்துகிற தன்னம்பிக்கைப் பேச்சுக்குச் செலவழிக்கிற காசை, மார்க் போடுகிற அதிகாரம் இல்லாத ஒரு முழுநேர ஆலோசகருக்கும் கதவு சாத்திப் பேச ஒரு அறைக்கும் செலவழியுங்கள். ஆராய்ச்சி மாணவர்களையும் மறந்துவிடாதீர்கள், கைடு ஒருவரையே நம்பி அவர்கள் எதிர்காலம் தொங்குகிறது, அவர்களுக்கு வகுப்பும் இல்லை, வராததைக் கவனிக்க ஆளும் இல்லை.)

தம்பி டாக்டரிடம் வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கலாம், முதல் தடவை நிறையப் பேர் அப்படித்தான். "மனநல டாக்டர்" என்று ஆரம்பிக்காமல், தூக்கம் வராததற்கும் இளைத்துப் போனதற்கும் ஒரு பரிசோதனை என்று பொது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், பொய்யும் இல்லை அது. அங்கிருந்து அவரே அனுப்புவார். அதற்கும் வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மாதத்திலிருந்து மாற்றம், தூங்கும் நேரம், எடை, சாப்பாடு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா, யாராவது தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்களா, இப்போது ஏதாவது மருந்து சாப்பிடுகிறானா. குடும்பத்தைப் பற்றிய இரண்டையும் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், தம்பி பக்கத்தில் இருக்கும்போது சொல்ல மாட்டார்.